சத்தம் இல்லாமல் ஒரு தடவை

மோட்டாரை நிறுத்தினேனா இல்லையா. சுவிட்சுக்குப் பக்கத்தில் போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது. போனேன், கையைத் தூக்கினேன், அந்த நேரம் பார்த்து வாசலில் மதினியின் குரல், "ஏ வடிவு, இன்னுமா சீலை கட்டி முடியல, ஆட்டோக்காரன் போயிருவான் போலுக்கே," அதற்குப் பிறகு கை என்ன செய்தது என்று கைக்குத்தான் தெரியும். நான் செருப்பைத் தேடினேன், மதினி தண்ணீர் குடிக்கிறேன் என்று அடுப்படிக்குள் போய்விட்டு வந்தாள், இரண்டு பேரும் ஆட்டோவில் ஏறிவிட்டோம், சமாதானபுரம் தாண்டும்போதுதான் மோட்டார் நினைவு வந்தது. தொட்டி நிறைந்தால் வழியும். வழிந்தால் பக்கத்து வீட்டு மாடியில் விழும். இன்றைக்குப் பார்த்து அவர்கள் மிளகாய் காயப்போட்டிருப்பார்கள். இவருக்குப் போன் செய்யலாம் என்றால் பாத்திரக்கடையில் இப்போது கூட்டமாக இருக்கும், எடுத்தாலும் "அதுக்கென்ன இப்போ" என்பார், அதைக் கேட்பதற்கு மிளகாய் நனைந்தே போகலாம். அதோடு இங்கே போனை எடுக்கக் கூச்சமாக இருக்கிறது. வகுப்பறை அல்லவா. வகுப்பறைக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், முட்டி மேல்பலகையில் இடிக்கிறது, பலகையில் யாரோ காம்பஸால் ஒரு மீன் கீறி வைத்திருக்கிறார்கள், அதன் செதிலை விரலால் தடவிக்கொண்டிருக்கிறேன். எட்டாம் வகுப்பில் அரைப்பரீட்சை லீவு விட்டார்கள், லீவு முடிந்து நான் போகவில்லை, பீடித்தட்டு வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் என்றால் எனக்கு வாசல்தான், காந்திமதியைக் கொண்டுவிடுகிற வாசல், கூட்டிக்கொண்டு போகிற வாசல். இப்படி உள்ளே வந்து, காற்றாடிக்குக் கீழே, ஜன்னல் வழியாக விழுகிற வெயிலில் சாக்பீஸ் தூள் மிதப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, சொல்லப்போனால் நன்றாகத்தான் இருக்கிறது. யாரும் என்னிடம் எதுவும் கேட்காமல் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

காந்திமதி பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். இவருடைய அம்மாவின் பெயரை வைத்தோம், பள்ளிக்கூடத்தில் மதி என்று ஆக்கிக்கொண்டாள். ஊடகவியல் என்று ஒரு பாடம் எடுத்திருக்கிறாள். அது என்ன பாடம் என்று நான் கேட்டபோது, "டி.வி.யை எப்படிப் பாக்கணும்னு படிக்கிறதும்மா," என்றாள். "அதுக்கு எதுக்குட்டி பள்ளிக்கூடம், நான் தினமும் பாக்கலையா?" "நீ டி.வி. காட்டுறதைப் பாக்கே. நாங்க டி.வி.யைப் பாப்போம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், நானும் சிரித்தேன், ஆனால் அன்றைக்கு சீரியல் பார்க்கும்போது கொஞ்சம் இடைஞ்சலாகத்தான் இருந்தது, யாரோ பின்னால் நின்று நான் பார்ப்பதைப் பார்ப்பது போல. இன்றைக்குப் பிள்ளைகள் எடுத்த குறும்படங்களைப் போட்டுக் காட்டுகிறார்கள், ஆளுக்கு மூன்று நிமிடம், "எங்கள் வீட்டில் ஒருவர்" என்று தலைப்பு, வீட்டுப் பெரியவர்கள் வந்து பார்க்க வேண்டும், வீட்டுக்கு இரண்டு பேர் வரலாம். காந்திமதி என்னைத்தான் எடுத்திருக்கிறாள். இவரைக் கூப்பிட்டேன், "கடையை யாரு பாப்பா, அக்காளைக் கூட்டிட்டுப் போயேன், சந்தோசப்படுவா," என்றார். அக்காள் என்றால் என் மதினி, உலகம்மாள், இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல் பட்டுச்சீலை, தலை நிறையப் பிச்சிப்பூ. சந்தோஷம்தான் படுகிறாள். அது இப்படியே நிலைக்க வேண்டும்.

ஜெசிந்தா மிஸ் ஒல்லியாக, கைத்தறிச் சேலையில், குதிகாலை உயர்த்தி உயர்த்திப் பேசுகிறார். ஓர் அட்டையைக் காட்டுகிறார், நடுவில் ஜன்னல் மாதிரி சதுரமாக வெட்டியிருக்கிறது. "இதுதான் ஃப்ரேம். இதுக்குள்ள வர்றது மட்டும்தான் படம். வெளியில இருக்கறது எல்லாம் இல்லாத மாதிரி. கேமரா பொய் சொல்லாதுன்னு சொல்வாங்க. சரி, பொய் சொல்லாது. ஆனா எந்தப் பக்கம் திரும்பணும்னு அதுக்கு யாரோ ஒருத்தர் சொல்லணும் இல்லையா?" அட்டை கைமாறி வருகிறது. மதினி அதை இடது கையால் வாங்குகிறாள். மதினிக்குச் சாப்பாட்டைத் தவிர எல்லாம் இடது கைதான், கோலமும் இடது கை, அடியும் இடது கை என்று இவர் சொல்வார். அட்டையைக் கண்ணில் வைத்து மிஸ்ஸைப் பார்க்கிறாள், கூரையைப் பார்க்கிறாள், கடைசியில் என்னைப் பார்க்கிறாள், "ஏ, உன் மூக்கு மட்டுந்தான் தெரியுது," என்கிறாள். நான் வாங்கிப் பார்த்தேன். மதினியின் கம்மல் தெரிந்தது, காதோரம் நரைத்த முடி தெரிந்தது. பட்டுச்சீலையும் பூவும் இல்லாமல் பார்க்கும்போது மதினி கொஞ்சம் களைத்த மாதிரி இருந்தாள். அட்டையை எடுத்தால் பழைய மதினி. மிஸ் அடுத்து ஏதோ எழுதுகிறார். "ரெப்ரசன்டேஷன். படத்துல ஒருத்தரைக் காட்டுறது வேற, அந்த ஆள் வேற. ஒருத்தரோட முழு வாழ்க்கையில இருந்து ஒரு துண்டை எடுத்து, இவங்க இப்படின்னு காட்டிடுறோம். எந்தத் துண்டுன்னு முடிவு பண்றது யாரு? அவங்கதான் கேட்கீப்பர். வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் மாதிரி. எது உள்ள போகலாம், எது போகக்கூடாதுன்னு." "மிஸ், நம்ம வாட்ச்மேன் தூங்கிக்கிட்டுல்லா இருப்பாரு," என்கிறான் ஒரு பையன். "அப்ப எல்லாமே உள்ள வந்துரும்டா, உன்னை மாதிரி," என்கிறார் மிஸ். வகுப்பே சிரிக்கிறது. மதினி என் பக்கம் சாய்ந்து, "கேட்டியா?" என்கிறாள்.

கேட்டியா என்றால் என்ன அர்த்தம். வாட்ச்மேன் பேச்சைக் கேட்டியா என்றா, அல்லது ஒருத்தரைக் காட்டுறது வேற, அந்த ஆள் வேற என்றதைக் கேட்டியா என்றா. வடையை நினைத்துத்தான் சொல்லியிருப்பாளோ. மதினியின் மூத்த மகள் கல்யாணத்தில் நான் முழுக்க அடுப்படிப் பக்கம்தான் கிடந்தேன், காய் நறுக்க ஆள் வரவில்லை, தேங்காய் திருக ஆள் வரவில்லை, தாலி கட்டும்போதுகூட சமையல்காரரோடு பாயசத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், மேளச் சத்தத்தை வைத்துத்தான் தாலி கட்டியாயிற்று என்று தெரிந்துகொண்டேன். ஒரு மாதம் கழித்து கல்யாண வீடியோ வந்தது. மதினி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். யார் யாரோ வந்தார்கள், முறுக்கு மீசைக்காரர் ஒருத்தர் நாலு தடவை வந்தார், அவர் யாரென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. நான் ஒரே ஒரு இடத்தில் வந்தேன். பந்தியில் வாயை ஆவென்று திறந்து முழு வடையை உள்ளே தள்ளுகிறேன். அதை வேண்டுமென்றே இரண்டு தடவை திருப்பிப் போட்டிருந்தான் வீடியோக்காரன், கூடவே ஒரு மத்தள ஓசை. வீடே சிரித்தது. "அடுப்படியில கெடந்தவளுக்கு இந்த வடைதான் மிச்சம்," என்று நான் சொன்னேன், சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் குரல் வேறு மாதிரி வந்துவிட்டது. மதினியும் சும்மா இருக்கவில்லை. "கேமராவுக்கு முன்னால வாயைத் தொறந்தது நீதானே, நான் என்ன செய்ய?" என்றாள். அவ்வளவுதான். இரண்டு வருஷம் பேச்சு இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கீரைக் கட்டோடு வந்தாள், நேராக அடுப்படிக்குப் போனாள், எல்லா டப்பாவையும் திறந்து மோந்து பார்த்தாள், "பெருங்காயம் செத்துப்போச்சு, வேற வாங்கு," என்றாள். அப்படித்தான் பேச்சு திரும்ப ஆரம்பித்தது. இவர் அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அதை நான் கெடுத்துவிடக் கூடாது.

மிஸ் இப்போது சொல்கிறார், "ஒவ்வொரு படத்தையும் ரெண்டு தடவை போடப் போறோம். முதல் தடவை சத்தம் இல்லாம. என்ன நடக்குதுன்னு பாக்குறவங்க சொல்லணும். ரெண்டாவது தடவை சத்தத்தோட. அப்பதான் தெரியும், நம்ம கண்ணு நமக்கு என்ன கதை கட்டியிருந்துச்சுன்னு." சத்தத்தோடவா. இல்லையே. காந்திமதி அப்படிச் சொல்லவில்லையே. படம் எடுத்த அன்றைக்கு நான் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன், அவள் போனைச் சாம்பார்ப்பொடி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, "இது சும்மா படம் மட்டுந்தாம்மா, சத்தத்தை எடுத்துருவேன், நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே வேலையைப் பாரு, அப்பதான் இயல்பா இருக்கும்," என்றாள். சத்தத்தை எடுத்துவிட்டால் பிறகு என்ன, எதை வேண்டுமானாலும் பேசலாம்தானே. கல்யாண வீடியோவில் அப்படித்தானே, எல்லோரும் வாயை அசைக்கிறார்கள், பின்னால் நாதஸ்வரம் போகிறது, யார் என்ன பேசினார்கள் என்று யாருக்குத் தெரியும். நான் இயல்பாகப் பேசினேன். ரொம்ப இயல்பாகப் பேசிவிட்டேன். ஆய்ந்த அவரைக்காயை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து நின்று, வலது கையை இடுப்பில் வைத்து, இடது கையால் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, மூக்கைக் கொண்டுபோய் உள்ளே விட்டு, முகத்தைச் சுளித்து, கழுத்தை ஒரு வெட்டு வெட்டி, "ஏ வடிவு, மல்லி வறுக்கல, வதக்கிருக்கே," என்று மதினியின் குரலிலேயே பேசிக் காட்டினேன். காந்திமதி விழுந்து விழுந்து சிரித்தாள். பிள்ளை சிரித்தால் எனக்கு நிற்காது. அடுப்படி முழுக்க மதினி மாதிரி நடந்து காட்டினேன். நடந்து முடித்து உட்கார்ந்து அதையும் சொன்னேன். "உங்க அத்தை பேசாம இருந்த ரெண்டு வருசந்தாண்டி நான் நிம்மதியா அடுப்படியில நின்னேன்." அந்த ஒரு வரி. இப்போது அந்த வரி படம் போடுகிற அந்தக் கறுப்புப் பெட்டியிலிருந்து, சுவரில் மாட்டியிருக்கிற அந்த இரண்டு ஸ்பீக்கரிலிருந்து, பட்டுச்சீலை கட்டி வந்திருக்கிற மதினியின் காதுக்குப் போகும்.

காந்திமதி அந்தப் பக்கம் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள். கண்ணால் கூப்பிட்டுப் பார்க்கிறேன். திரும்பவில்லை. பிறகு திரும்பினாள். நான் புருவத்தைத் தூக்கினேன், உதட்டில் விரலை வைத்தேன், தலையை ஆட்டினேன், அவள் என்ன புரிந்துகொண்டாளோ, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம். முதல் படம் செல்வின் என்கிற பையனுடையது. ஒரு செவலை நாய் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. சத்தம் இல்லை. கண்ணில் அப்படி ஒரு ஏக்கம். மிஸ் கேட்க, ஒரு பிள்ளை, "வீட்ல யாரோ வெளியூர் போயிட்டாங்க, அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு," என்றது, இன்னொரு பிள்ளை, "வயசாயிருச்சு, சாகப் போகுது," என்றது. மதினி உச்சுக் கொட்டினாள். நானும் கொட்டினேன். பிறகு சத்தத்தோடு போட்டார்கள். எண்ணெயில் மீன் பொரிகிற சத்தம், கூடவே செல்வினுடைய அம்மா, "இருலே, வெந்துக்கிட்டுத்தானே இருக்கு, உனக்குத்தான் மொதத் துண்டு, பறக்காத." அத்தனை பேரும் சிரித்தோம். செல்வினின் அம்மா எனக்கு முன்வரிசையில், முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரிக்கிறார்கள். நாய் மாறவில்லை, நாயின் கண் மாறவில்லை, நாங்கள்தான் ஒரு நிமிடத்துக்கு முன்னால் அதைச் சாகடித்திருந்தோம். நல்ல பாடம்தான். என்னை எடுக்காமல் இருந்திருந்தால் முழுசாக ரசித்திருப்பேன். நான் போயிருக்கலாம் இந்தப் பாடத்துக்கு, பீடித்தட்டு வந்திருக்காவிட்டால். எங்கள் காலத்தில் ஏது இந்தப் பாடம். இருந்திருந்தாலும் கணக்கில் பெயிலாகியிருப்பேன். எழுந்து போய்விடலாமா. வயிறு சரியில்லை மதினி, வாங்க போவோம் என்று சொன்னால் வந்துவிடுவாள், வெந்தயம் முழுங்கு என்பாள். ஆனால் காந்திமதி பார்ப்பாள். அம்மா எழுந்து போனதைப் பார்ப்பாள். ஒரு நாள்கூட அவள் வகுப்புக்குள் நான் வந்ததில்லை, வந்த அன்றைக்கு எழுந்து போனேன் என்று இருக்கக் கூடாது. மோட்டார் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த இரண்டு வருஷம் நிம்மதியாகவா இருந்தேன். முதலில் இருந்தேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். டப்பாக்களை இஷ்டத்துக்கு மாற்றி வைத்தேன். மல்லியை வறுக்காமல் வதக்கவே செய்தேன், யார் கேட்பது. பிறகு ஒரு நாள் இவர் கடையிலிருந்து வந்து ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார், அவர் எப்போதும் அப்படித்தான், ஆனால் அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரிடம் சொல்வது. அம்மாவிடம் சொன்னால் பயந்துவிடுவாள். தெருவில் சொன்னால் தெருவுக்கே தெரியும். "உங்க தம்பி இருக்காவளே," என்று ஆரம்பித்தால் மேலே சொல்லாமலே புரிகிற ஆள் ஒருத்திதான். போனை எடுத்து அவள் நம்பர் வரைக்கும் போனேன். வடை ஞாபகம் வந்தது. வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை எடுத்து எடுத்து வைத்திருக்கிறேன். அப்படியானால் நான் சொன்னது பொய்யா. பொய் இல்லை. பிள்ளையைச் சிரிக்க வைக்கச் சொன்னது. சொன்ன நேரத்துக்கு அது உண்மைதான். இதையெல்லாம் ஸ்பீக்கர் சொல்லாதே, ஸ்பீக்கர் அந்த ஒரு வரியை மட்டும்தானே சொல்லும். கையைப் பிசைகிறேன், சேலை நுனியைச் சுருட்டுகிறேன், சுருட்டியதை விரிக்கிறேன். மதினி என் கைமேல் கையை வைத்து, "என்ன புள்ள, மோட்டாரா? நான் ஆஃப் பண்ணிட்டுத்தான் வந்தேன். தண்ணி குடிக்கப் போகும்போது ஓடிக்கிட்டுக் கெடந்துச்சு. சும்மா இரு," என்கிறாள். என் கை அப்படியே நின்றுவிட்டது. இந்த நேரத்தில்தானா இதைச் சொல்ல வேண்டும். தொட்டி வழியாது, மிளகாய் நனையாது, நான்தான் நனைந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். மிஸ் சொல்கிறார், "அடுத்தது மதியோட படம்."

நான் திரையில் வருகிறேன். எவ்வளவு பெரிதாக இருக்கிறேன். நைட்டிமேல் துண்டு போட்டிருக்கிறேன், அதை யாராவது சொல்லியிருக்கக் கூடாதா. அவரைக்காய் ஆய்கிறேன், நார் இழுக்கிறேன், என் விரல்கள் இவ்வளவு வேகமாகவா ஓடுகின்றன, பீடி சுற்றிய விரல் அப்படித்தான் ஓடும்போல. சத்தம் இல்லை. வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. சத்தம் இல்லாதபோது இவ்வளவு பேசுகிறவளாக இருக்கிறேனே. சரி, இதுவரை ஒன்றுமில்லை, யார் என்ன கண்டார்கள், என்று மூச்சை விட்டேன், விட்ட மூச்சு திரும்ப வரவில்லை. திரையில் நான் எழுந்து நிற்கிறேன். கையை இடுப்பில் வைக்கிறேன். சத்தம் போனால் எல்லாம் போய்விடும் என்று நினைத்தேனே, இந்த நடை எங்கே போகும், இந்த இடுப்பு எங்கே போகும். டப்பாவைத் திறக்கிறேன், மோந்து பார்க்கிறேன், முகத்தைச் சுளிக்கிறேன், கழுத்தை ஒரு வெட்டு. பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரிக்கிறார்கள். மதினியை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிகிறது, பட்டுச்சீலை அசையவில்லை. படம் நிற்கிறது. "என்ன நடக்குது?" என்று மிஸ் கேட்கிறார். "ஆன்ட்டி ஏதோ டப்பாவைத் தொலைச்சிட்டாங்க." "இல்ல மிஸ், வீட்ல எலி செத்துக் கெடக்கு, எங்கேன்னு மோந்து தேடுறாங்க." சிரிப்பு. "மதியைத் திட்டுறாங்க மிஸ், சமைக்கத் தெரியலன்னு." மிஸ் பெரியவர்கள் பக்கம் திரும்புகிறார். "நீங்க யாராவது சொல்லுங்களேன். மதியோட அத்தைதானே நீங்க? நீங்க சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன தெரியுது?" மதினி எழுந்து நிற்கிறாள். உட்கார்ந்துகொண்டே சொல்லலாம் என்று மிஸ் சொல்லியும் நின்றுகொண்டேதான் இருக்கிறாள். முந்தானையை இழுத்துச் செருகுகிறாள். நான் அந்தப் பலகையில் கீறியிருந்த மீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"அது எங்க அம்மை," என்கிறாள் மதினி. பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள். "எங்க அம்மை பேரும் காந்திமதிதான், அவா பேரைத்தான் இந்தப் புள்ளைக்கு வச்சிருக்கு. எங்க அம்மை அடுப்படிக்குள்ள வந்தான்னா இப்படித்தான், ஒரு டப்பாவை விட மாட்டா. எல்லாத்தையும் மோந்து பாத்து, எல்லாத்துக்கும் ஒரு கொறை. செத்து அஞ்சாறு வருசமாச்சு. இவா இன்னும் ஞாபகம் வச்சிருந்து செஞ்சு காட்டுதா, எம்புட்டு அழகா செய்யுதா பாருங்க." முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். மிஸ் பிள்ளைகள் பக்கம் திரும்புகிறார், "பாத்தீங்களா பசங்களா, உங்களுக்கு அது எலி, இவங்களுக்கு அம்மா. ஒரே படம்தான். பாக்குறவங்க தங்களோட வாழ்க்கையைக் கொண்டுவந்து அதுல போட்டுத்தான் பாக்குறாங்க. ஆடியன்ஸ்னு நாம படிச்சோமே, அது இதுதான்." எனக்கு அழுகை வருகிறது, சிரிப்பும் வருகிறது, மாமியாரை நான் நினைக்கவே இல்லை, அவர்கள் நல்ல ஆயுசோடு இருந்து நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள், இன்றைக்கு வந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அத்தை, உங்களுக்கு வருகிற அமாவாசைக்கு இரண்டு பாயசம் வைக்கிறேன். "இப்போ சத்தத்தோட பாக்கலாம்," என்கிறார் மிஸ். ஐயோ, சத்தம். அதை மறந்தே போனேன். அம்மா என்று நினைத்து அழுதவளின் காதில் அந்த வரி விழுந்தால். வேண்டாம் மிஸ் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கேமராவுக்கு முன்னால் திறக்கிற வாய் இங்கே திறந்தபடியே நின்றது.

குக்கர் சத்தம் வருகிறது. தெருவில் கீரைக்காரி குரல். காற்றாடி. திரையில் நான் நார் இழுக்கிறேன், வாய் அசைகிறது, ஆனால் வருகிற குரல் வாயோடு சேரவில்லை. என் குரல்தான். போனில் பேசுகிற குரல். "மதினி, சாப்பிட்டியளா? என்ன கொழம்பு? ... ரசம் மட்டுமா? ஏன், மேலுக்கு முடியலையா? ... இங்க என்ன, எப்பவும் போலதான். உங்க தம்பி இருக்காவளே..." திரையில் நான் எழுந்து நின்று இடுப்பில் கை வைக்கிறேன், டப்பாவைத் திறக்கிறேன், முகத்தைச் சுளிக்கிறேன், அதற்கு மேலே என் குரல் போய்க்கொண்டே இருக்கிறது, "...வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசினா முத்து உதிர்ந்துரும்லா? ... ஞாயித்துக்கிழமை வருவியள்லா மதினி? ... வாங்க. நீங்க வரலைன்னா எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்." இதை எப்போது பேசினேன். பேசினேன், போன வாரமோ அதற்கு முந்தின வாரமோ, துணி மடித்துக்கொண்டே பேசினேன், காந்திமதி பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள், விளையாடுகிறாள் என்று நினைத்தேன். படம் முடிந்தது. அந்த வரி வரவே இல்லை. நான் காந்திமதியைப் பார்த்தேன். இந்தத் தடவை அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிக்காமல், பரீட்சை எழுதிக் கொடுத்துவிட்டுப் பார்ப்பதுபோல. கேலியும் நான்தான், போனில் கூப்பிட்டதும் நான்தான். இரண்டையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறாள் என் பிள்ளை. கல்யாண வீடியோக்காரனுக்கு இது ஏன் தெரியவில்லை. அவனுக்கு யாரும் இந்தப் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள்.

வெளியே வந்தபோது நல்ல வெயில். காந்திமதி ஓடி வந்து, "எம்மா, எப்படி இருந்துச்சு?" என்றாள். "வீட்டுக்கு வா, பேசிக்கிடுதேன்," என்று கையில் கிள்ளினேன். "ஆஆ. வலிக்குதும்மா. நான்தானே கேட்கீப்பர், உன்னைக் காப்பாத்தி விட்டிருக்கேன்," என்று காதுக்குள் சொல்லிவிட்டு, அத்தையைக் கட்டிப்பிடித்து ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டாள், சடை இரண்டும் குதிக்கக் குதிக்க. ஆட்டோவில் மதினி தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிச்சிப்பூ வாசம் காற்றில் என் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. நிம்மதியாக இருந்தது, எவ்வளவு நிம்மதி என்றால் வேறு எதைப் பற்றிக் கவலைப்படலாம் என்று தேடிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. கேஸை மூடினேன், கதவைப் பூட்டினேன், மோட்டாரை மதினி நிறுத்திவிட்டாள். எங்கள் தெரு முக்கில் நான் இறங்க வேண்டும், மதினி அதே ஆட்டோவில் அவள் வீட்டுக்குப் போவாள். இறங்கி நின்று, "உள்ள வந்து காப்பி குடிச்சிட்டுப் போங்க மதினி," என்றேன். "இல்ல புள்ள, அரிசி ஊறப் போட்டுட்டு வந்தேன்," என்றாள். பிறகு, ஆட்டோக்காரன் வண்டியைக் கிளப்பப் போகிற நேரத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டி, "எங்க அம்மை சோத்துக்கையாலதான் டப்பாவைத் தொறப்பா, வடிவு. எங்க வீட்டுல இடக்கைக்காரி நான் ஒருத்திதான்," என்றாள். தெரு, வெயில், ஆட்டோ எல்லாம் சத்தம் இல்லாமல் நின்றன. மதினி முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன், பார்த்துப் பார்த்துக் கதை கட்டினேன், கோபம் என்று ஒன்று, வருத்தம் என்று ஒன்று. அவள் இடது கையால் என் கன்னத்தில் லேசாக ஒரு தட்டு தட்டினாள். "ஞாயித்துக்கெழமை வாரேன். அதுக்குள்ள அந்த மல்லித்தூளைக் கொட்டிட்டு வேற திரிச்சு வை, வண்டு விழுந்திருக்கு," என்றாள். "சரி மதினி," என்றேன். ஆட்டோ போய்விட்டது. வீட்டுக்குள் போய் முதல் வேலையாக மல்லித்தூள் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தேன். வண்டுதான்.